லினக்ஸ் போன்ல ரிங் வரல, சத்தம் கேக்கல, சார்ஜ் நிக்கல: எதை முதல்ல பாக்கணும்

என்கிட்ட இருக்குறது ரெண்டு. ஒண்ணு பைன்போன் (லினக்ஸுக்காகவே செஞ்ச போன்), இன்னொண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஒன்பிளஸ் 6. ரெண்டுலயும் ஆண்ட்ராய்டுக்கு பதிலா போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ங்கற லினக்ஸ், மேல ஐகான், மெனு எல்லாம் காட்ட ஃபாஷ். நான் மாறுனத பாத்து ஃப்ரெண்ட்ஸ்ல மூணு பேரு மாறிட்டாங்க, அதோட பலன் என்னன்னா ராத்திரி பத்து மணிக்கு "மச்சான், கால் வரமாட்டேங்குதுடா"ன்னு பொண்டாட்டி போன்ல இருந்து கூப்பிடுறாங்க (தன்னோட போன்ல இருந்து எப்படி கூப்பிடுவாங்க பாவம்). ஒரே பிழையை நாலு வாட்டி சரி பண்ணதுக்கப்புறம் எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. கமாண்டை எல்லாம் போன்ல வாய்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க.

எந்த பிழையா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான். சிம்மை கழட்டி வீட்ல இருக்குற ஏதாவது சாதா ஆண்ட்ராய்டுல போடுங்க. அங்கயும் கால் வரலன்னா உங்க லினக்ஸ் மேல தப்பே இல்ல, ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும், இல்ல ஏரியால டவர் போயிருக்கும். சிரிக்காதீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க மோடம் (டவரோட பேசுற சிப்) ஃபர்ம்வேரை மாத்தி மாத்தி போட்டுட்டு சாயங்காலம்தான் பேக் முடிஞ்சுபோனது எனக்கே தெரிஞ்சுது.

## கூப்பிட்டா போன் சும்மா கிடக்குது

ஒரு சின்ன டெஸ்ட். ஸ்கிரீன் எரிஞ்சிட்டு இருக்கும்போதே வேற போன்ல இருந்து கூப்பிடுங்க. அப்புறம் ஸ்கிரீனை அணைச்சு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு மறுபடி கூப்பிடுங்க. ரெண்டுல எதுல வரலங்கறத பொறுத்து கீழ பிரிஞ்சு போங்க.

### எரியிறப்ப வருது, அணைஞ்சா வரல

போன் தூங்கிடுது. செட்டிங்ஸ்ல பவர் பக்கம் போய் ஆட்டோமேட்டிக் சஸ்பெண்டை ஒரு நாள் மட்டும் ஆஃப் பண்ணுங்க. இப்ப கால் ஒழுங்கா வந்தா வியாதி இதுதான். பைன்போன்ல மோடம் தனி ஆளு, கால் வந்ததும் அதுதான் மெயின் சிப்பை எழுப்பி விடணும், எழுந்து ஸ்கிரீன் வந்து ரிங் அடிக்க சில செகண்ட் ஆகும், கூப்பிட்டவங்க ரெண்டு ரிங்ல கட் பண்ற ஆளா இருந்தா மிஸ்டு கால்தான். இதுக்கு முழு வைத்தியம் கிடையாது. சிஸ்டம் அப்டேட் போடுங்க, ஈஜி25 மேனேஜர்னு மோடத்தை பாத்துக்குற ஒரு சர்வீஸ் (பின்னாடி ஓடுற ப்ரோக்ராம்) இருக்கும், அது ஓடுதான்னு பாருங்க, சஸ்பெண்ட் நேரத்தை 15 நிமிஷத்துக்கு தள்ளி வைங்க. முக்கியமான கால் எதிர்பாக்குற அன்னிக்கு சார்ஜர்ல போட்டு சஸ்பெண்டை ஆஃப்லயே விட்டுடுங்க, நான் அப்படித்தான் பண்றேன்.

### எரியிறப்பவும் வரல

டெர்மினல் (கமாண்ட் அடிக்கிற ஆப்) திறந்து "எம்எம்சிஎல்ஐ", ஒரு ஸ்பேஸ், மைனஸ், பெரிய எல். மோடம் பேரு வருதா?

பேரே வரல. பைன்போன்னா பின் மூடியை கழட்டுங்க. உள்ள ஆறு குட்டி ஸ்விட்ச் வரிசையா இருக்கும், முதல் ஸ்விட்ச் மோடம். சிம் மாத்துறப்ப நகம் பட்டு இது நகர்ந்துடும், எனக்கு ரெண்டு வாட்டி நடந்திருக்கு. ஊக்கு முனையால மெதுவா தள்ளி ஆன் பக்கம் வைங்க. ஸ்விட்ச் சரியா இருந்தா ஈஜி25 மேனேஜரை ரீஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் பொறுங்க, மோடம் மெதுவாதான் கண் முழிக்கும். அப்பவும் இல்லன்னா ரீபூட் வேணாம், ஷட் டவுனே பண்ணி பேட்டரியை கழட்டி மாட்டுங்க. ஒன்பிளஸ் 6ல ஸ்விட்சும் கிடையாது, பேட்டரியும் கழட்ட முடியாது, அதுல மோடம்மேனேஜர் சர்வீசை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, ரெண்டு சிம் இடம் இருக்குறதால முதல் இடத்துலயே சிம் இருக்கட்டும்.

பேரு வருது, ஆனா லாக்டுன்னு காட்டுது. சிம் பின் நம்பர் போட்டு வெச்சிருக்கீங்க. சாதா போன்ல போட்டு அந்த பின் லாக்கை எடுத்து விட்டுடுங்க.

சிம் இல்லன்னு சொல்லுது. பைன்போன்ல மைக்ரோ சிம் இடம், நம்மகிட்ட இருக்குறது எல்லாம் நானோ. அதனால அடாப்டர் சட்டத்துல வெச்சு போடுவோம். அங்க ரெண்டு அடுக்கு இருக்கு, கீழ சிம், மேல மெமரி கார்டு, மாத்தி சொருகிடாதீங்க. இன்னொண்ணு, சிம் இல்லாம வெறும் அடாப்டரை மட்டும் உள்ள விட்டு வெளிய இழுக்கவே கூடாது, உள்ள இருக்குற பின் சட்டத்துல மாட்டி வளைஞ்சிரும். வளைஞ்சிருச்சுன்னு தோணுனா இங்கயே நிறுத்திட்டு மைக்ரோஸ்கோப் வெச்சிருக்குற போர்டு வேலைக்காரர்கிட்ட குடுங்க, ஊசியால நிமித்துறேன்னு நீங்க இறங்காதீங்க.

எல்லாம் நல்லா இருக்கு, ரெஜிஸ்டர்டு, 4ஜி நெட் கூட ஓடுது, ஆனா கால் மட்டும் வரல, போகல. நம்ம ஊர்ல இதுதான் பெரிய தலைவலி. ஜியோல 2ஜி, 3ஜி ரெண்டும் கிடையாது, வோல்ட்டி (4ஜி வழியாவே கால் பேசுற வசதி) இல்லாம அதுல பேசவே முடியாது. ஏர்டெல்ல 3ஜி போயிடுச்சு ஆனா 2ஜி இருக்கு, அதனால வோல்ட்டி தெரியாத போன் கால் நேரத்துல 2ஜிக்கு இறங்கி பேசிட்டு மறுபடி 4ஜிக்கு ஏறிடும், அந்த நேரம் நெட் நிக்கும், அவ்வளவுதான். விஐலயும் 2ஜி இருக்கு.

அதனால வரிசை இப்படி. முதல்ல யார்கிட்டயாவது ஏர்டெல்லோ விஐயோ வாங்கி போட்டு கூப்பிட்டு பாருங்க. அதுல கால் போகுது உங்க ஜியோல மட்டும் போகலன்னா விஷயம் வோல்ட்டிதான். பைன்போன்ல இருக்குற குவெக்டெல் ஈஜி25 மோடத்துக்கு வோல்ட்டி தெரியும், ஜியோ ஓடுற 3, 5, 40 பேண்ட் மூணும் பிடிக்கும், ஆனா ஐஎம்எஸ்னு ஒரு செட்டிங்கை ஆன் பண்ணணும், சரியான ஆபரேட்டர் ப்ரொஃபைல் தேர்ந்திருக்கணும். டிடிஒய்யுஎஸ்பி2ங்கற போர்ட்ல மினிகாம்ங்கற ப்ரோக்ராம் வழியா போய், மோடத்துக்கு நேரா குடுக்குற ஏடி கமாண்ட்ல "ஏடி பிளஸ் க்யூசிஎஃப்ஜி"ல ஐஎம்எஸ் 1னு குடுத்து, "ஏடி பிளஸ் க்யூஎம்பிஎன்சிஎஃப்ஜி"ல லிஸ்ட் கேட்டா எந்த ப்ரொஃபைல் ஓடுதுன்னு சொல்லும். மாத்துனா மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணியே ஆகணும், இல்லன்னா பழசே ஓடும். ஒன்பிளஸ் 6 மாதிரி போன்ல வோல்ட்டியை நம்பி இறங்க வேணாம், சோதனை பண்றவங்களுக்கு ஓகே, அம்மா கூப்பிடுற நம்பருக்கு ஓகே இல்ல.

ரெண்டு சாயங்காலத்துக்கு மேல இதுல உக்காராதீங்க. நம்பரை போர்ட் பண்ணிடுங்க. 1900க்கு போர்ட்னு அடிச்சு ஸ்பேஸ் விட்டு உங்க நம்பரை எஸ்எம்எஸ் பண்ணா ஒரு கோடு நம்பர் வரும், அதை எடுத்துட்டு ஆதாரோட 2ஜி இருக்குற ஆபரேட்டர் கடைக்கு போனா முடிஞ்சுது, ஒரே சர்க்கிள்னா மூணு வேலை நாள். அந்த எஸ்எம்எஸ்ஸையும் சாதா போன்ல இருந்தே அனுப்புங்க. மாறுன அந்த மூணு ஃப்ரெண்ட்ஸ்ல ரெண்டு பேருக்கு கடைசில வேலை செஞ்சது இதுதான், ஏடி கமாண்ட் எதுவும் இல்ல.

## கால் எடுக்குது, ஆனா சத்தம் இல்ல

உங்களுக்கு கேக்கலயா, அவங்களுக்கு கேக்கலயா? முதல்ல அத கேட்டுக்கோங்க.

எனக்கு கேக்கல. முதல்ல பவுச் கவரை கழட்டிட்டு மேல இருக்குற வலையை பழைய டூத் பிரஷால தட்டுங்க. அப்புறம் கால் நடக்குறப்பவே ஸ்பீக்கர் பட்டனை தட்டி பாருங்க. ஸ்பீக்கர்ல வருது காதுல வரலன்னா டெர்மினல்ல ஆல்சாமிக்சர்ங்கற வால்யூம் ப்ரோக்ராமை திறந்து இயர்பீஸ்ங்கற பட்டை ம்யூட்ல இருக்கான்னு பாருங்க, அடில ரெண்டு எம் எழுத்து இருந்தா ம்யூட், எம் தட்டுனா போயிடும். ரெண்டுலயும் வரலன்னா சவுண்ட் ப்ரொஃபைல் மாறல. பாட்டு கேக்குறதுக்கு ஒரு ப்ரொஃபைல், பேசுறதுக்கு வாய்ஸ் கால்னு ஒரு ப்ரொஃபைல், கால்ஆடியோடிங்கற சர்வீஸ்தான் மாத்தி விடும். கால் நடக்குறப்ப டெர்மினல்ல "கால்ஆடியோசிஎல்ஐ மைனஸ் எம் 1" அடிங்க, உடனே சத்தம் வந்தா அந்த சர்வீஸ்தான் படுத்துடுச்சு, லாக் அவுட் பண்ணி வந்தா போதும். ஒன்பிளஸ் 6னா க்யூ6வாய்ஸ்டின்னு இன்னொரு சர்வீசும் ஓடிட்டு இருக்கணும், அது நின்னா கால் கனெக்ட் ஆகும், ரெண்டு பக்கமும் ஊமைப்படம்தான்.

அவங்களுக்கு கேக்கல. பைன்போன்ல மூணாவது ஸ்விட்ச் மைக். அப்புறம் ரெக்கார்டர் ஆப்ல பேசி ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. அதுல குரல் பதிஞ்சா மைக் நல்லா இருக்கு, மேல சொன்ன ப்ரொஃபைல் கதைதான். ரெக்கார்டர்லயும் பதியலன்னா மைக்கோ அது இருக்குற சின்ன போர்டோ போயிருக்கலாம், அது கடை வேலை.

ஹெட்செட் மாட்டுனா மட்டும் சத்தம் இல்ல. ஆறாவது ஸ்விட்ச். அது ஆஃப்ல இருந்தா அந்த ஓட்டை ஹெட்போன் ஜாக்கா இல்லாம டெவலப்பருங்க லாக் பாக்குற சீரியல் போர்ட்டா மாறிடும். இது தெரியாம மூணு ஹெட்செட் வாங்குன ஆளு எனக்கு தெரியும், பேரு சொல்ல மாட்டேன்.

## நெட் வரல

வைஃபைல வருது, சிம்ல வரலன்னா ஏபிஎன்தான் (சிம் நெட்டுக்கு செட்டிங்ஸ்ல போடுற பேரு), வேற தேடாதீங்க. ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், ஜியோக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல ஸ்பேஸ் கிடையாது, யூசர் நேம் பாஸ்வேர்டு காலி.

ஏபிஎன் சரி, கனெக்டட்னு காட்டுது, ஆனா பாதி சைட் திறக்குது பாதி திறக்கலன்னா ஐபி டைப்பை பாருங்க. வெறும் ஐபிவி4 மட்டும் இருந்தா ஐபிவி4வி6னு மாத்துங்க, ஜியோ ஐபிவி6ல ஓடுற நெட்வொர்க்.

## மேப்ல இடம் காட்டல

பைன்போன்ல ஜிபிஎஸ் மோடத்துக்குள்ளதான் இருக்கு, அதனால மோடம் ஸ்விட்ச் ஆஃப்னா ஜிபிஎஸ்சும் ஆஃப். வீட்டுக்குள்ள உக்காந்து எதிர்பாக்காதீங்க, மொட்டை மாடில பத்து பதினஞ்சு நிமிஷம் வெச்சா பிடிக்கும். முன்னாடி வைஃபை வெச்சு தோராயமா இடம் சொன்னது மோசில்லாவோட லொகேஷன் சர்வீஸ், அதை 2024ல மூடிட்டாங்க. பழைய இமேஜ் (போன்ல ஏத்துற ஓஎஸ் ஃபைல்) போட்டிருந்தா இன்னும் அதையே தேடிட்டு இருக்கும், அப்டேட் போடுங்க. வாடகை வண்டிக்காரருக்கு லொகேஷன் அனுப்பணும்னா லேண்ட்மார்க் சொல்றதுதான் இன்னிக்கும் வேகம்.

## சார்ஜ் மதியத்துக்குள்ள காலி

சும்மா வெச்சிருக்குறப்ப காலியாகுதா, யூஸ் பண்றப்ப காலியாகுதா? யூஸ் பண்றப்பன்னா அது பிழை இல்ல, பைன்போன்ல ஓடுற ஆல்வின்னர் ஏ64 பழைய காலத்து சிப், அதுல ப்ரவுசர்ல வீடியோ ஓட்டுனா கை சுடத்தான் செய்யும்.

சும்மா வெச்சிருந்தும் இறங்குதுன்னா, டெர்மினல்ல "டிஎம்ஈஎஸ்ஜி" அடிச்சு சஸ்பெண்ட் என்ட்ரி, சஸ்பெண்ட் எக்ஸிட்னு வர்ற வரிகளை தேடுங்க.

ரெண்டும் இல்லவே இல்லன்னா போன் தூங்கவே இல்ல. செட்டிங்ஸ்ல சஸ்பெண்ட் ஆஃப்ல இருக்கும், மேல கால் டெஸ்ட்டுக்கு ஆஃப் பண்ணிட்டு மறந்திருப்பீங்க, இல்ல மேல இருந்து இழுக்குற பேனல்ல போனை தூங்க விடாத காபி கப் பட்டன் ஆன்ல இருக்கும்.

என்ட்ரி வந்த சில செகண்ட்லயே எக்ஸிட், மறுபடி என்ட்ரி, மறுபடி எக்ஸிட்னு வரிசையா இருந்தா ஏதோ ஒண்ணு தட்டி தட்டி எழுப்புது. ஒரு ராத்திரி வைஃபையை அணைச்சு படுங்க, மறுநாள் ராத்திரி ஏரோப்ளேன் மோட்ல படுங்க, எந்த ராத்திரி சார்ஜ் நின்னுச்சோ அங்கதான் திருடன். சிக்னல் ஒரு கோடு மட்டும் வர்ற வீடுன்னா மோடமே தின்னும், ஜன்னலோரம் வைக்கிறதுதான் வழி.

எல்லாம் சரியா இருந்தும் முன்ன மாதிரி நிக்கலன்னா பேட்டரி வயசாயிடுச்சு. பைன்போன்ல ஒரு நல்ல விஷயம், அதுல சாம்சங் கேலக்ஸி ஜே7 2015 மாடல் பேட்டரி அப்படியே பொருந்தும், ஈபி பிஜே700னு ஆரம்பிக்கிற நம்பர் சொல்லி கேளுங்க. டூப்ளிகேட் நிறைய சுத்துது, கையில வெச்சாலே காகிதம் மாதிரி லேசா இருந்தா வாங்காதீங்க. ஒன்பிளஸ் 6ல பின் கண்ணாடியை சூடு காட்டித்தான் தூக்கணும், நானே பண்றேன்னு உக்காந்தா கண்ணாடிக்கும் சேத்து செலவு, கடைல குடுங்க. பேட்டரி உப்பி மூடியோ ஸ்கிரீனோ தூக்கிட்டு நின்னா எந்த டெஸ்ட்டும் வேணாம், ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க, அழுத்தி மூடாதீங்க, நேரா கடை.

## அலாரம் அடிக்கல

சஸ்பெண்ட்ல போன போனை சாதா க்ளாக் ஆப் எழுப்பாது, அதுக்கு தெரியாது. காலைல நாலரைக்கு வெச்ச அலாரம் அஞ்சே முக்காலுக்கு நான் ஸ்கிரீனை தட்டுனதும்தான் அடிச்சுது, ரயில் எப்பவோ கிளம்பிடுச்சு. போனை எழுப்பவே எழுதின பேர்டி, வேக் மொபைல்னு ஆப் இருக்கு, அதுல ஒண்ணு போட்டு பகல்ல ரெண்டு வாட்டி டெஸ்ட் பண்ணிட்டு நம்புங்க. ஊருக்கு போற அன்னிக்கு நான் இன்னும் கடிகாரம்தான் வைக்கிறேன்.

## ஆன் ஆகல

புதுசா பெட்டில இருந்து எடுத்த பைன்போன். பேட்டரிக்கும் பின்னுக்கும் நடுவுல ஒரு ப்ளாஸ்டிக் தாள் இருக்கும், அதை எடுங்க. இதுக்காக ஒருத்தர் போனை திருப்பி அனுப்ப கூரியர் வரைக்கும் போயிட்டாரு.

நேத்து வரைக்கும் ஓடுச்சு. மெமரி கார்டை கழட்டுங்க. பைன்போன் முதல்ல கார்டுலதான் தேடும், அதுல பாதில நின்ன இமேஜ் ஏதாவது இருந்தா அங்கயே முட்டிட்டு நிக்கும். சார்ஜ் சுத்தமா இறங்கியிருந்தா சார்ஜர்ல போட்டு ஒரு மணி நேரம் பட்டனையே தொடாதீங்க, பூட் ஆகி சாக, மறுபடி பூட் ஆகி சாகன்னு சுத்திட்டு இருக்கும்.

அப்டேட்டுக்கு அப்புறம் நின்னுடுச்சு. டேட்டாவை காப்பாத்தலாம், பதறாதீங்க. டோ-பூட் (ஓஎஸ்ஸை எழுப்பி விடுற குட்டி ப்ரோக்ராம்) போட்டிருந்தா வால்யூம் அப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணுங்க, லைட் நீலமாகும், கம்ப்யூட்டர்ல சொருகுனா பென் டிரைவ் மாதிரி தெரியும். இல்லன்னா ஜம்ப்டிரைவ்னு ஒரு குட்டி இமேஜை கார்டுல போட்டு பூட் பண்ணுங்க, அதே வேலை செய்யும். உங்க ஃபைல் எல்லாம் இருக்குற ஹோம் ஃபோல்டரை காப்பி எடுத்துட்டு புதுசா ஃப்ளாஷ் பண்ணுங்க, அதாவது ஓஎஸ்ஸை மறுபடி ஏத்துங்க. ஒன்பிளஸ் 6ல புதுசா ஃப்ளாஷ் பண்ணி ஸ்கிரீன் கருப்பாவே நின்னா "ஃபாஸ்ட்பூட் ஈரேஸ் டிடிபிஓ"ங்கற வரியை விட்டிருப்பீங்க, பாதி பேர் விடுறது அதான்.

கம்ப்யூட்டர்ல எந்த விதத்துலயும் தெரியல. கேபிள் மாத்துங்க, சார்ஜ் மட்டும் போற கேபிள் வீட்ல பத்து இருக்கும். அடுத்து சார்ஜ் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பஞ்சு அடைச்சிருக்கான்னு பாருங்க. ரெண்டும் தாண்டுனா போர்டு வேலை, நிறுத்திக்கோங்க.

## தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வருது

ஃபான்ட் இல்ல, அவ்வளவுதான். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ல ஃபான்ட்-நோட்டோ-தமிழ், மோபியன்ங்கற இன்னொரு போன் லினக்ஸ்ல ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல். போட்டுட்டு ஆப்பை மூடி திறங்க.

படிக்க முடியுது, டைப் பண்ண தமிழ் கீபோர்டு லிஸ்ட்ல இல்லன்னா ஸ்குவீக்போர்டுங்கற ஸ்கிரீன் கீபோர்டுக்கு ஒரு யாமல் ஃபைல் (எழுத்து வரிசையை எழுதி வைக்கிற டெக்ஸ்ட் ஃபைல்) நீங்களே எழுதி ஹோம்ல டாட் லோக்கல், ஷேர், ஸ்குவீக்போர்டு, கீபோர்ட்ஸ் ஃபோல்டர்ல வைக்கலாம். சொல்றதுக்குள்ள முடிஞ்ச மாதிரி இருக்கு, ஆனா ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போனாலும் கீபோர்டே வராது. பழைய ஃபைலை அழிச்சிடாதீங்க.

## யுபிஐ ஆப் திறக்கல, வாட்ஸ்ஆப் மெசேஜ் லேட்

வேட்ராய்டு (லினக்ஸுக்குள்ள ஆண்ட்ராய்டை ஓட்டுற ப்ரோக்ராம்) போட்டா ஆண்ட்ராய்டு ஆப் ஓடும், சரிதான். ஆனா யுபிஐ ஆப் முதல்ல உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி நம்பரை உறுதி பண்ணும், வேட்ராய்டுக்கு உங்க சிம்மே தெரியாது. அதை தாண்டுனாலும் போன் நம்பகமானதான்னு பாக்குற கூகுளோட ப்ளே இன்டெக்ரிட்டி சோதனைல பேங்க் ஆப் வெளிய தள்ளிடும். ஒளிச்சு மறைச்சு தாண்ட வழி சொல்ற ஆளுங்க இருப்பாங்க, உங்க சேமிப்பு இருக்குற அக்கவுண்ட்ல அந்த விளையாட்டு வேணாம். இதுக்கு ரிப்பேர் கிடையாது.

மாத்து வழி இருக்கு. *99# போட்டு ஒரு வாட்டிக்கு 5000 ரூபா வரைக்கும் நெட் இல்லாம அனுப்பலாம். டயலர்ல போகலன்னா எம்எம்சிஎல்ஐல 3ஜிபிபி-யுஎஸ்எஸ்டி-இனிஷியேட்னு ஒரு வழி இருக்கு, அதுல போகும். இன்னொண்ணு யுபிஐ 123பே, பேசியே பணம் அனுப்புறது, 2022ல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்தது, வரம்பு இப்ப 10,000. டீக்கடைல இதெல்லாம் பண்ணிட்டு நின்னா பின்னாடி நிக்கிறவர் முறைப்பாரு, சில்லறை வெச்சுக்கோங்க.

வாட்ஸ்ஆப் வேட்ராய்டுல ஓடும், ஆனா ஸ்கிரீன் அணைஞ்சா அதுவும் உறைஞ்சிடும், அதனாலதான் காலைல எழுந்ததும் நாப்பது மெசேஜ் கொட்டுது. "பெர்சிஸ்ட் டாட் வேட்ராய்டு டாட் சஸ்பெண்ட்" செட்டிங்கை ஃபால்ஸ்னு வெச்சா உறையாது, பேட்டரி குடிக்கும். வீட்ல பழைய ஆண்ட்ராய்டுல மெயின் கணக்கை வெச்சு இங்க லிங்க்டு டிவைசா போடுறவங்க அந்த பழைய போனை 14 நாளுக்குள்ள ஒரு வாட்டியாவது திறக்கணும், இல்லன்னா இங்க லாக் அவுட்.

## கேமரா கருப்பு

பைன்போன்ல நாலாவது ஸ்விட்ச் பின் கேமரா, அஞ்சாவது முன் கேமரா. கேமராவுக்கு மெகாபிக்சல்ஸ்ங்கற ஆப் போடுங்க. படம் தெரியுது ஆனா மங்கல்னா அது 5 மெகாபிக்சல், அவ்வளவுதான் வரும், கல்யாண வீட்டுக்கு வேற யாராவது எடுக்கட்டும்.

## கடைக்கு எடுத்துட்டு போறப்ப

பேட்டரி, சார்ஜ் ஓட்டை, டிஸ்ப்ளே, மைக், சிம் இடத்துல வளைஞ்ச பின், இதுக்கு மட்டும் போங்க. மோடம் சர்வீஸ், வோல்ட்டி, வேட்ராய்டுன்னு கடைக்காரர்கிட்ட கேட்டு அவரையும் குழப்பாதீங்க. போறதுக்கு முன்னாடி ஹோம் ஃபோல்டரை காப்பி எடுங்க, மெமரி கார்டையும் சிம்மையும் கழட்டி பர்ஸ்ல வைங்க. ஆன் பண்ணதும் வித்தியாசமா ஏதோ ஓடுதேன்னு "வைரஸ் சார், சாஃப்ட்வேர் போட்டு குடுத்துடறேன்"னு நல்ல மனசோட ஆண்ட்ராய்டை ஏத்தி குடுத்துடுவாங்க, எங்க க்ரூப்ல ஒருத்தருக்கு நடந்துச்சு, அதுக்கு 300 ரூபா வேற வாங்கிட்டாங்க. பின்பக்கம் செல்லோ டேப்ல ஒரு பேப்பர் ஒட்டி பெருசா எழுதி குடுங்க: "சார்ஜ் பின் மட்டும். சாஃப்ட்வேர் தொட வேண்டாம்."